கண் திரும்பிய காலம்

ஊதுபத்தியை ஏற்றிவிட்டு நான் திரும்பியபோது, என் வீட்டுக்காரர் அதன் அட்டைப் பெட்டியைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

விடிந்து சிறிது நேரமே ஆகியிருந்தது. பத்தியின் மணமும், வாசலில் தெளித்த தண்ணீரால் எழுந்த கரிசல் மண்ணின் மணமும் கலந்து வீட்டுக்குள் நின்றன. ஜன்னல் வெளிச்சத்தில் அவர் அந்தப் பெட்டியை முகத்தருகே கொண்டுபோய், எறும்பு ஊர்ந்தாற்போல அச்சிட்டிருந்த எழுத்துகளை உரக்கச் சொன்னார்.

"'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.' ஏத்தா சிவகாமி, இது ரொம்ப நாளா இதுல போட்டிருக்கா?"

"எப்பவும் போட்டிருக்கும். நீங்க இன்னைக்குத்தான் படிக்கிறீக."

"நம்ம வீட்ல கொழந்தைன்னா நான் ஒருத்தன்தான். எட்டாத எடத்துல வையி."

நான் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் கண்ணாடி இல்லை. அது அலமாரித் தட்டில் மடித்தபடியே கிடந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக, அது இல்லாமல் கல்யாணப் பத்திரிகையின் கொட்டை எழுத்தைக்கூடப் படிக்க இயலாதவர், வெறுங்கண்ணால் பொடியெழுத்தைப் படித்துவிட்டார்.

அவருடைய கண்ணொளிக்காக நான் ஏற்றிருந்த ஒரு மண்டல நோன்பு முந்தைய நாள்தான் நிறைவெய்தியிருந்தது. பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி, அந்த வரியை நானும் ஒருமுறை படித்தேன்.

வெள்ளெழுத்தும் வெள்ளைச் சட்டைகளும்

அவர் திருச்சுழியிலிருந்து நரிக்குடிக்கும் அருப்புக்கோட்டைக்குமாக ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். அவருடைய பெயரைச் சொல்வதோ எழுதுவதோ எனக்கு வழக்கமில்லை. இத்தொடரை வாரந்தோறும் படிப்பவர்கள் இதற்குள் அதற்குப் பழகியிருப்பீர்கள்.

நாற்பது வயதைத் தாண்டியதும் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்து அவருக்கும் வந்தது. செய்தித்தாள் முகத்தை விட்டு நாளுக்கு நாள் விலகிப் போயிற்று. கையின் நீளம் போதாமல் போன அன்று, சந்தையில் சாக்கு விரித்து விற்பவரிடம் ஒரு கண்ணாடி வாங்கி வந்தார். போட்டுப் பார்த்து எழுத்து தெரிந்தால் எடுத்துக்கொள்வது. அவர் அறிந்த பரிசோதனை அவ்வளவுதான். அவ்வகைக் கண்ணாடிகளில் இரு பக்கமும் ஒரே பவர். மனிதக் கண்கள் அவ்விதம் ஒத்துப் பிறப்பதில்லை. அவருக்கு இடக்கண்ணில், எழுத்து கலங்கித் தெரிகிற சிதறல் பார்வை உண்டென்பதே பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை, படித்தவுடன் வரும் தலைவலிக்கு வெயிலைக் குறை கூறி வந்தார்.

அந்தக் கண்ணாடிகளும் அவரிடம் தங்கியதில்லை. டீக்கடை பெஞ்சில் ஒன்று, பெட்ரோல் பங்கில் ஒன்று என்று போய்க்கொண்டே இருந்தன. ஒருமுறை ஒரு பயணியின் கீரைக்கட்டுக்குள் புகுந்து எம்.ரெட்டியபட்டி வரை சென்று, மறுநாள் கழுவிச் சுத்தமாகத் திரும்பி வந்தது.

என் குறை இதற்கு நேர்மாறானது. எனக்குச் சிறு வயது முதலே கிட்டப்பார்வை. அருகில் இருப்பது துலங்கும். தொலைவில் இருப்பதெல்லாம் வெடித்த பருத்திபோல வெளுத்துப் பரவும். பெண் பார்க்க வந்த அன்று, என் அத்தை என் கண்ணாடியைக் கழற்றித் தம் முந்தானையில் முடிந்துகொண்டார். தட்டோடு கூடத்துக்கு வந்த எனக்கு நான்கு வெள்ளைச் சட்டைகள் தெரிந்தன. எது மாப்பிள்ளை என்று தெரியவில்லை. பிடித்திருக்கிறதா என்று கேட்டபோது, நான்குக்கும் பொதுவாகத் தலையசைத்தேன்.

இன்றுவரை இதை அவர் விடுவதாக இல்லை. "இவ சரின்னது எங்க சித்தப்பாவுக்கு. அவுக சட்டைதான் அன்னைக்கு நல்லா வெளுத்திருந்துச்சு" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

வயதானபோது வெள்ளெழுத்து என்னையும் விடவில்லை. மேற்பாதி தொலைவுக்கும் கீழ்ப்பாதி படிப்புக்குமாக இரண்டும் சேர்ந்த கண்ணாடி ஒன்றை விரும்பி வாங்கினேன். கோயில் படியில் கால்வைக்கக் குனிந்தால் கீழ்ப்பாதிக்குள் படி மங்கி, மேலெழும்பி மிதந்தது. முழங்காலில் அடிபட்ட பிறகுதான் ஒன்றை உணர்ந்தேன். கண்ணாடி வாங்கும்போது எதைப் படிப்போம் என்பதோடு, எங்கே நடப்போம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வெளியே நின்றவர்

எங்கள் இல்லறத்தில் எனக்கு ஒரே ஒரு குறை இருந்தது. அவர் கோயிலுக்குள் வரமாட்டார்.

இறைமறுப்பு ஒன்றும் இல்லை. என்னைத் திருச்சுழிக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, வண்டியிலேயே உட்கார்ந்துகொள்வார். "நீ உள்ள போயிப் பேசிட்டு வா. நமக்கும் சேத்துச் சொல்லிரு" என்பார்.

என் தந்தையார் எனக்குப் பண்ணோடு ஓதக் கற்பித்தவர். பிரதோஷந்தோறும் மண்டபத்துத் தூணடியில் ஆறேழு பேர் கூடிப் பதிகம் பாடுவோம். ஓர் அடியில் உள்ளம் உருகி, அடுத்த அடியில் குரல் எழாமல் நின்றுபோகும் தருணங்கள் உண்டு. அந்த நிறைவோடு வெளியே வந்தால் அவர் டயரில் காற்று பார்த்துக்கொண்டிருப்பார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அப்படித்தான் வெளியே வந்தேன்.

அவர் பெட்டியைப் படித்த ஆண்டின் கோடை முடிவில், கண்ணில் புகை படிந்தாற்போல் இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். ஆஸ்பத்திரி என்றால், "வண்டிக் கண்ணாடியத் தொடைச்சாச் சரியாப் போகும்" என்று பேச்சை மாற்றுவார். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வைகறையில் நீராடி, கண்ணொளி வேண்டிப் பாடும் பதிகங்களை நாள்தோறும் ஓதினேன். அதன் முடிவில்தான் அந்த ஊதுபத்திப் பெட்டி.

நோன்பைப் பற்றி அன்று காலை அவரிடம் சொன்னேன். 

"எனக்காகவா பாடுன?"

"பிறகு யாருக்கு?"

"அப்ப ஒரு எட்டு உள்ள வந்து நன்றி சொல்லிட்டு வந்துரணும்ல."

அந்தப் பிரதோஷத்தில் அவர் வண்டியைப் பூட்டினார், செருப்பைக் கழற்றினார், என் பின்னாலேயே வந்து தூணடியில் என் அருகே அமர்ந்தார். எனக்குச் சந்நிதியை நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது. கேட்டதைவிட மிகுதியாகக் கொடுத்துவிட்டவரை எப்படிப் பார்ப்பது?

ஒரு நாளோடு நின்றுவிடுவார் என நினைத்தேன். அடுத்த பிரதோஷத்துக்கும் வந்தார். அதற்கடுத்ததற்கும் வந்தார்.

எங்கள் குழுவில் பாக்கியம் என்றொருத்தி உண்டு. மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவள். அவரை அண்ணன் என்றும் என்னை மதினி என்றும் அழைப்பவள். "என்ன மதினி, அண்ணனுக்குக் கோயிலுக்கு வழி தெரிஞ்சிருச்சு போல?" என்று வாயைக் கிளறினாள்.

"கண்ணு வந்துருச்சுல்ல, வழியும் தெரியும். ஒன் பாட்டுத்தான் காதுக்கு வழி தெரியாம அலையுது" என்றார் அவர்.

என்னிடம் ஒரே புத்தகம்தான். ஓதும்போது நான் கண்ணாடியைக் கழற்றிவிடுவேன். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு வாய்த்த சலுகை அது. ஆனால் புத்தகம் நான் பிடிக்கிற இடத்திலேயே இருக்கவேண்டும். நாலு விரற்கடை அப்பால் போனாலும் எழுத்து கரைந்துவிடும். ஆகவே புத்தகம் என் கையில் இருக்க, அவர் பக்கவாட்டில் சற்றே சாய்ந்து படிப்பார். இருவருக்குமே வெறுங்கண். குளிர்காலத்துக் காலையில் ஆட்டோ கிளம்புவதுபோல் அவர் குரல் தயங்கித் தயங்கி எழும். பண்ணுக்குள் அது ஒருநாளும் அடங்கியதில்லை. ஆனால் ஒரு சொல்லையும் விழுங்கமாட்டார். கிரீஸ் கறை போகாத விரலை வரியின் அடியில் வைத்து நகர்த்திக்கொண்டே வருவார்.

அடியேனின் வாழ்நாளில் அந்த மாதங்களுக்கு ஈடாக ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை.

நரிக்குடிச் சாலை

நரிக்குடியில் ஒரு காதுகுத்து விழா முடிந்து, பொழுது மயங்கும் வேளையில் நாங்கள் இருவர் மட்டும் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். இருபுறமும் சீமைக்கருவேல் அடர்ந்த சாலை. எதிரே ஒரு லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது.

லாரி கடந்ததும் நான் கண்டேன்: சாலையை அடைத்துக்கொண்டு ஓர் ஆட்டு மந்தை. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

"ஆடு, ஆடு" என்று நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் பிரேக்கை மிதித்தார். வண்டி ஒருபக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. ஒரு குட்டி மட்டும் முன்சக்கரத்தில் உரசி விழுந்தது. மேய்க்கிற பெண் ஓடிவந்து அதைத் தூக்க, அது உதறிக்கொண்டு தாயிடம் ஓடியது.

அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். "கண்ண வீட்ல வச்சிட்டு வந்தீகளா? இம்புட்டு ஆடு நிக்குது."

"வெளிச்சம் அடிச்சிருச்சு தாயி."

"எனக்குந்தான் அடிச்சுது. எனக்கு ஆடு தெரியுதுல்ல? இதுவே புள்ளைகளா இருந்தா என்ன செய்வீக?"

 மந்தை இறங்கிப் போன பின்பும் அவர் வண்டியைக் கிளப்பாமல் இருந்தார்.

"லாரி வெளிச்சம் மத்தாப்பு மாதிரி செதறுது சிவகாமி. அதுக்குள்ள ரோட்டையே காணோம்."

"அந்தா, ஊர்ப் பலகை தெரியுதா?"

"அங்க பலகை இருக்கா?"

நாள்தோறும் அந்தப் பலகையைக் கடப்பவர் அவர். அன்று வீடு வரை மிக மெதுவாக ஓட்டினார். நான் முன்பக்கக் கம்பியைப் பிடித்தபடி, எதிரே வருவதையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஜபருல்லா சொன்னது

அருப்புக்கோட்டையில் ஜபருல்லா கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண் பரிசோதனைக்கு முறையாகப் படித்தவர்; பல்லாண்டுப் பழக்கத்தில் என் வீட்டுக்காரரை மாமா என்றும் என்னை அத்தை என்றும் அழைப்பவர். மறுநாளே பஸ்ஸில் அவரிடம் போனோம். ஜபருல்லா கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். சட்டத்தில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்.

"கண்ணாடி இல்லாமப் படிக்கிறீகளா மாமா?"

"பொடி எழுத்துக்கூட. எல்லாம் ஒன் அத்தை பாடுன பாட்டு."

ஜபருல்லா என்னைப் பார்த்தார்; விளக்கை அணைத்தார். "கண்ணுக்குள்ளயே ஒரு லென்ஸு இருக்குல்ல, அதுல புரை விழுந்து முத்திக்கிட்டு வருது. இந்த மாதிரிப் புரை முத்த முத்த அந்த லென்ஸோட பவரு கூடும். அதான் பக்கத்துல நல்லாத் தெரியுது. தூரம் போயிருச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல பக்கமும் போயிரும்."

"தூரத்துக்கு ஒரு கண்ணாடி போட்டு ஓட்டிக்கிறேன்."

"பகல்ல கொஞ்ச நாளைக்குச் சமாளிக்கலாம். எதுக்க வர்ற வெளிச்சம் செதறுறதுக்கு நான் கண்ணாடி குடுக்க முடியாது மாமா. ஆளு ஏத்துற வண்டி. ஆப்பரேசன் பண்ணிக்கங்க."

என் வீட்டுக்காரர் சொன்னார்: "அப்ப ஒன் அத்தையோட சாமி எனக்குக் கண்ணக் குடுக்கல. புரையக் குடுத்திருக்கு."

"அத்தை மொறைக்கிறாக" என்றார் ஜபருல்லா.

நான் முறைக்கவில்லை. அஞ்சிக்கொண்டிருந்தேன். என் நோன்பு பலித்ததா என்பதன்று என் அச்சம். திருவருளின் வழிகளை அளந்து பார்க்கும் தகுதி எனக்கில்லை. அவர் உள்ளே வந்தது நன்றி சொல்வதற்காக. நன்றிக்குக் காரணமே இல்லை என்றான பின், அடுத்த பிரதோஷத்தில் அவர் வண்டியிலேயே இருந்துவிடுவாரோ? அதை அவரிடம் கேட்கவும் துணிவு வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

பாக்கியத்திடம் மட்டும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "புரை வரலைன்னா அண்ணன் உள்ள வந்திருப்பாகளா மதினி? எதுல ஏத்தி அனுப்புனா என்ன, ஆளு வந்து சேந்தாச்சுல்ல?" என்றாள். அவள் கூறிய சமாதானம் எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் மறுபடி கோயிலுக்குள் வரவேண்டியவர் அவர்.

எழுத்துக் கண்ணாடி போட்டிருந்த பெரியவர்கள் திடீரென அது இல்லாமல் படிக்கத் தொடங்கினால், மகிழ்ந்துகொள்ளுங்கள். அந்த வாரமே கண்ணையும் காட்டிவிடுங்கள். இதை எழுதுவதன் நோக்கத்தில் அதுவும் ஒன்று.

எந்தத் தூரம்

அடுத்த பிரதோஷத்துக்கு முன்பே கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே, அறுவைக்கு முன் விளக்கம் சொல்வதற்கென்று ஒரு பெண் இருந்தாள். புரையை எடுத்துவிட்டு உள்ளே வேறு லென்ஸ் வைப்பார்கள். அது எந்தத் தூரத்துக்குத் தெளிவாக இருக்கவேண்டும் என்பதை நாங்கள்தான் சொல்லவேண்டுமாம்.

"தூரத்துக்கு வச்சா வண்டி ஓட்ட, ஆளப் பாக்கக் கண்ணாடி தேவைப்படாது, படிக்கக் கண்ணாடி வேணும். பக்கத்துக்கு வச்சா படிக்க வேணாம், தூரத்துக்குப் போடணும். ரெண்டுக்கும் சேந்தாப்புல ஒண்ணு இருக்கு. ஆனா ராத்திரி லைட்டச் சுத்தி வளையம் தெரியலாம். டிரைவருக்கு நாங்க சொல்றதில்ல. உங்களுக்கு எது ஐயா?"

"பக்கத்துக்கு" என்றார் அவர்.

"தூரத்துக்கு" என்றேன் நான்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

"கண்ணு என்னோடது" என்றார்.

"வண்டில ஏறுற உசுரு ஊராரோடது. கண்ணாடியத் தொலைக்கிறதுல உங்களுக்குச் சமானம் உண்டா? படிக்கிற கண்ணாடி தொலைஞ்சா ஒரு பதிகம் போகும். ஓட்டுற கண்ணாடி தொலைஞ்சா?"

"தொலைக்க மாட்டேன்."

"கீரைக்கட்டுல போட்டவுக நீங்க."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "வெளிய போயிப் பேசிட்டு வாங்கம்மா. அடுத்த ஆளப் பாக்குறேன்."

எதிரே இருந்த டீக்கடையில் நின்றோம். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார்; குடிக்கவில்லை.

"வண்டிதான உங்களுக்கு எல்லாம். பெறகு ஏன் பக்கத்துக்குங்கிறீக?" என்று கேட்டேன்.

"புத்தகம் படிக்கணும்ல."

"எந்தப் புத்தகம்?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். "எத்தனை புத்தகம் நான் படிக்கிறேன்? ஒன் கையில இருக்குறதுதான்." பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இந்த ஒரு வருசமாத்தான் ரெண்டு பேரும் ஒரே எழுத்தப் பாக்குறோம். அது கண்ணு வந்ததுல வந்துச்சோ, புரை வந்ததுல வந்துச்சோ, எனக்குத் தெரியாது. புரைய எடுத்தா அதுவும் போயிருமேன்னு பாத்தேன்."

நான் அஞ்சியதையே அவரும் அஞ்சிக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில், ஒரே பாயில், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

"கண்ணாடி போட்டுப் படிச்சா நான் வேணாம்பேனா?" என்றேன்.

"நீ புத்தகம் பிடிக்கிற எடத்துல எனக்குத் தெரியணும்ல."

"தெரியுற மாதிரி போட்டுக்கலாம். இப்ப தூரத்துக்கு வைங்கன்னு சொல்லுங்க. ஆட்டுக்காரம்மா கேட்டது எனக்கு இன்னும் காதுல கெடக்கு."

தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு உள்ளே போனார். "தூரத்துக்கே எழுதிக்கத்தா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னது எனக்கு வாசல் வரை கேட்டது.

அளவு

ஒரு கண்ணுக்கும் பிறகு மறு கண்ணுக்குமாக அறுவை நடந்தது. சொட்டு மருந்தும் தலைக்குத் தண்ணீர் ஊற்றாத கட்டுப்பாடுமாகச் சில வாரங்கள் வீட்டில் அடைந்து கிடந்தார். வெளியே விட்ட அன்று, கோபுரத்துச் சுதைப் பொம்மைகளுக்கெல்லாம் மூக்கு இருக்கிறது என்பதை ஊருக்கே சொன்னார். என்னைத் தெருமுனையிலிருந்தே பார்த்துவிட்டு, "இம்புட்டு நரைச்சிருச்சா ஒனக்கு?" என்றார். 

படிக்கும் கண்ணாடிக்காக மீண்டும் ஜபருல்லாவிடம் போனோம். இம்முறை புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் என் வீட்டுக்காரர். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

ஜபருல்லா எழுத்தட்டையை அவர் கையில் கொடுத்தார். "சாதாரணமா ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கம்மியா வச்சுப் படிப்பாக. அந்த அளவுக்குப் போட்டுரவா மாமா?"

"இல்ல. சிவகாமி, நீ உக்காரு. கோயில்ல பிடிக்கிற மாதிரி பிடி."

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் நாற்காலியில் அமர்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்து, புத்தகத்தை விரித்துப் பிடித்தேன். எழுத்து எனக்குத் துலங்குகிற இடம் ஒன்றுதான். அங்கே வந்து நின்றது. அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் பக்கம் சற்றே சாய்ந்தார்.

"இந்தத் தூரத்துக்குப் போடு."

ஜபருல்லா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது தள்ளியில்ல இருக்கு. இதுக்குப் போட்டா பவரு கொறையும். வீட்ல பேப்பர் படிக்கக் கைய நீட்டணும் மாமா."

"நீட்டிக்கிறேன்."

"இன்னொரு புத்தகம் வாங்கிக்கிட்டா ஆளுக்கொண்ணா ஆச்சுல்ல?"

"வாங்கலாம்" என்றார் அவர். என் பக்கம் சாய்ந்தபடியே இருந்தார்.

ஜபருல்லா அளவு நாடாவை எடுத்தார். ஒரு முனையை அவருடைய புருவத்தருகே பிடித்துக்கொண்டு, மறு முனையைப் புத்தகத்தை நோக்கி இழுத்து வந்தார். நாடாவின் நுனி நான் விரித்திருந்த பக்கத்தில், என் கட்டைவிரலுக்குச் சற்று மேலே வந்து தொட்டது.

"அத்தை, அசையாம இருங்க" என்றார்.

நான் அசையவில்லை.